ஒசாகாவில் தங்கும்போது கோபேக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? மாட்டிறைச்சி தவிர அங்கே என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர் ஒசாகாவில் சில நாள் தங்கப் போகிறார். கியோட்டோ, நாரா இரண்டும் திட்டத்தில் இருக்கின்றன, ஒரு நாள் மிச்சம். ஆள் சைவம். "மாட்டிறைச்சி சாப்பிடாதவனுக்குக் கோபேயில் என்ன வேலை?" என்று நண்பர் யாரோ சொல்லிவிட, குழம்பிப்போய்க் கேட்டிருக்கிறார்.

தாராளமாக ஒதுக்கலாம். வேலை நிமித்தமாக அந்த ஊரில் குடியிருந்தவன் என்பதால் கொஞ்சம் பாசம் கூடுதலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. கோயில், கோட்டை என்று பட்டியல் போட்டால் கியோட்டோவுக்கும் ஹிமெஜிக்கும் முன்னால் கோபே நிற்காது. அந்தப் பட்டியலோடு போனால் ஏமாற்றம்தான். வடக்கே ரொக்கோ மலைத்தொடர், அதன் உச்சி 931 மீட்டர். தெற்கே கடல். நடுவில் சில கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சரிவு, அதில்தான் ஊரே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அதனால் இந்த ஊரை மேலிருந்து கீழே, மலையிலிருந்து கடலுக்கு, நடந்து பார்க்க வேண்டும். காலையில் மலையடிவாரம், மாலையில் துறைமுகம், அவ்வளவுதான் திட்டம். வழி தவறுவது சிரமம். உள்ளூர்க்காரர்களே வடக்கு தெற்கு என்று சொல்ல மாட்டார்கள். 'மலைப் பக்கம்', 'கடல் பக்கம்' என்றுதான் சொல்வார்கள்.

ஒசாகாவின் உமேதாவிலிருந்து ஜேஆர், ஹான்க்யூ, ஹான்ஷின் என்று மூன்று ரயில் நிறுவனங்கள் ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. எதில் ஏறினாலும் அரை மணி நேரத்தில், சற்று முன்பின்னாக, கோபேயின் மையமான சன்னோமியாவில் இறங்கலாம். மூன்று நிலையங்களும் பக்கத்தில் பக்கத்தில்தான். நான் பெரும்பாலும் ஹான்க்யூ. மலையை ஒட்டிப் போகும், பெட்டிகள் பளபளவென்று அரக்கு நிறத்தில் இருக்கும், ஜேஆரைவிட மலிவு. சன்னோமியாவிலிருந்து சுரங்க ரயிலில் ஒரே நிறுத்தம், ஷின்-கோபே.

ஷின்-கோபே புல்லட் ரயில் நிலையம். இரண்டு நீளமான சுரங்கப் பாதைகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் செருகி வைத்திருக்கிறார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிற பயணிகளை விட்டுவிட்டு, நிலையத்துக்கு அடியிலேயே பின்பக்கம் போகும் வழியைப் பிடியுங்கள். கால் மணி நேரம் படியேறினால் நுனோபிகி அருவி. நான்கு அருவிகளின் தொகுதி, பெரியது 43 மீட்டர். குற்றாலத்து நினைப்போடு துண்டை எடுத்துப் போகாதீர்கள், குளிக்கிற அருவி இல்லை இது. இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் 1900-இல் கட்டி முடித்த அணை ஒன்று இருக்கிறது. காலராவால் தவித்த துறைமுக நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொடுக்கக் கட்டியது, ஜப்பானின் முதல் கான்கிரீட் ஈர்ப்பு அணை, அதாவது தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்பது. பார்க்கக் கல்கட்டு மாதிரி இருக்கும்.

அந்தப் படிகளில் காலை வேளையில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் சிலர் உங்களைச் சுலபமாக முந்திக்கொண்டு போவார்கள். தினமும் மலையேறுவது இந்த ஊரின் வழக்கம். இங்கே குடியிருந்த வெளிநாட்டு வணிகர்கள் ஆரம்பித்து வைத்தது, பிறகு ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மலைப்பாதையில் சில இடங்களில் வருகைப் பதிவேடு இருக்கும். வருவார்கள், பெயரை எழுதுவார்கள், தேநீர் குடிப்பார்கள், இறங்கி விடுவார்கள். நான் மூச்சு வாங்கி நின்றபோது ஒரு பாட்டி, "இன்னும் கொஞ்சம்தான் தம்பி" என்கிற தொனியில் ஏதோ சொல்லி, கையில் ஒரு மிட்டாயை வைத்துவிட்டுப் போனார்.

கீழே இறங்கி மேற்கே நடந்தால் கிடானோ. 1868-இல் கோபே துறைமுகத்தை வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்தார்கள். பின்னர் வந்த வணிகர்கள் இந்த மேட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள். மரப்பலகைச் சுவர், ஐரோப்பிய ஜன்னல், மாடியில் நின்றால் துறைமுகம். நிறைய வீடுகள் இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்காதீர்கள், மூன்றாவது வீட்டிலேயே அலுத்துப் போகும். 1909-இல் ஜெர்மன் வணிகர் ஒருவர் கட்டிய செங்கல் வீடு, கூரையில் சேவல் வடிவக் காற்றுத்திசைகாட்டி வைத்தது, அது ஒன்று போதும். பக்கத்திலேயே வெளிர்பச்சை நிறத்தில் இன்னொரு வீடு, 1903-இல் அமெரிக்கத் துணைத்தூதருக்காக (கான்சல்) கட்டியது. 1995 நிலநடுக்கத்தில் விழுந்த அதன் புகைபோக்கியை அப்படியே தோட்டத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். வெளியே நின்று அதையும் பாருங்கள்.

ஆனால் கிடானோவில் நான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகும் இடம் வேறு. சரிவில் சில நிமிடம் இறங்கினால் கோபே மசூதி. 1935-இல் திறந்தது, ஜப்பானின் முதல் மசூதி. பணம் கொடுத்தவர்களில் இந்திய வணிகர்கள் முக்கியமானவர்கள். 1945-இல் அமெரிக்க விமானங்கள் கோபேயை எரித்தபோது சுற்றுப்புறமெல்லாம் தரைமட்டமாகியும் இது நின்றது. 1995-லும் நின்றது, வீடு இழந்தவர்களுக்குத் தங்க இடமும் கொடுத்தது. எதிரிலும் அக்கம்பக்கத்திலும் ஹலால் மளிகைக்கடைகள். துவரம்பருப்பு, சீரகம், உறைய வைத்த வெண்டைக்காய் எல்லாம் கிடைக்கும். கோபேயில் குடியிருக்கும் நம் ஆட்களுக்கு அந்தத் தெருதான் கதி. அதே கிடானோவில் வெள்ளைப் பளிங்கில் ஒரு சமணக் கோயிலும் இருக்கிறது, 1985-இல் கட்டியது. முத்து வணிகத்துக்காக வந்து தங்கிய சமணக் குடும்பங்கள் எழுப்பியது. சீக்கியர்களின் குருத்வாராவும் ஊருக்குள் உண்டு.

ஜப்பானில் எங்கும் இல்லாத அளவுக்கு இங்கே ஏன் பழைய இந்தியக் குடும்பங்கள் என்று தோன்றும். பதில் 1923-இல் இருக்கிறது. அந்த வருடம் செப்டம்பரில் தோக்கியோவையும் யோகோஹாமாவையும் நிலநடுக்கம் அழித்தது. அதுவரை யோகோஹாமாவில் பட்டும் பருத்தியும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த சிந்தி, குஜராத்தி வணிகர்களில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு கோபேக்கு வந்தார்கள். அவர்கள் மட்டுமல்ல. முதல் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாகப் பிடிபட்டு, விடுதலையான பிறகு யோகோஹாமாவில் கேக் கடை வைத்திருந்த கார்ல் யுக்ஹைம் என்ற ஜெர்மானியரும் கடையைப் பறிகொடுத்துவிட்டு இங்கேதான் வந்து சேர்ந்தார். அவர் பெயரில் உள்ள நிறுவனத்தின் வட்ட வட்ட அடுக்குக் கேக் இன்று ஜப்பான் முழுக்க விற்கிறது. இன்னொரு ஜெர்மன் போர்க் கைதி ஆரம்பித்த ஃப்ராய்ண்ட்லீப் ரொட்டிக்கடை, சன்னோமியாவுக்கு மலைப் பக்கமாக, பழைய தேவாலயம் ஒன்றில் நடக்கிறது. கீழே ரொட்டி, மேலே உயரமான கூரையின் கீழ் காபி. கோபேக்காரர்களின் ரொட்டிப் பைத்தியத்தைப் புரிந்துகொள்ள இங்கே உட்கார்ந்து பாருங்கள்.

ஆக, ஒரு நிலநடுக்கம் இந்த ஊருக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அடுத்தது இந்த ஊரையே தேடி வந்தது. 1995 ஜனவரி 17, காலை 5.46. ரிக்டர் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிற கணக்கில் 7.3. இறந்தவர்கள் 6,434 பேர், பெரும்பாலோர் தூக்கத்தில் வீடு இடிந்து விழுந்து. இதைத் தெரிந்துகொண்டு சன்னோமியாவிலிருந்து கடல் பக்கம் நடந்தால் ஊர் வேறு மாதிரி தெரியும்.

அகலமான ஃப்ளவர் ரோட்டில் இறங்குங்கள். அந்தச் சாலை ஒரு காலத்தில் இகுதா ஆறு ஓடிய இடம், 1871-இல் ஆற்றைக் கிழக்கே தள்ளிவிட்டுச் சாலை ஆக்கினார்கள். வழியில் மாநகராட்சிக் கட்டடம், 24-ஆவது மாடிக்கு இலவசமாக ஏறலாம். காசு கொடுத்து ஏறும் கோபுரங்களைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். மலையும் கடலும் எவ்வளவு நெருக்கம் என்பது அங்கே நின்றால் ஒரே பார்வையில் விளங்கும். தெற்கே கடலில் சதுரம் சதுரமாகத் தெரிகிற நிலம் போர்ட் ஐலண்ட், முழுக்க மனிதர்கள் போட்ட தீவு. மேற்கே சுமா பக்கத்து மலைகளை வெட்டி, மண்ணைக் கிலோமீட்டர் கணக்கில் கன்வேயர் பட்டையில் கடற்கரைக்கு அனுப்பி, படகில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டினார்கள். வெட்டிய மலையில் குடியிருப்பு, கொட்டிய மண்ணில் துறைமுகம்.

கட்டடத்துக்குப் பின்னால் ஹிகாஷி யூவென்ச்சி பூங்கா. அங்கே நிலநடுக்க நினைவாக அணையா விளக்கு ஒன்று எரிகிறது. நினைவுச்சின்னத்தின் அடியில் இறந்தவர்களின் பெயர்கள். ஒவ்வொரு ஜனவரி 17 அன்றும் விடியுமுன் 5.46-க்கு ஊர் மக்கள் விளக்கேற்றி நிற்பார்கள். குளிர் எலும்பைக் குடையும், கூட்டம் குறையாது.

அடுத்து மோட்டோமாச்சி கடைத்தெரு, நான்கின்மாச்சி சீனத்தெரு. சீனத்தெரு சின்னது, பன்றி இறைச்சி கொழுக்கட்டைக்கு நீள வரிசை நிற்கும். சைவர்களுக்கு வாசனை மட்டும்தான், பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம்.

கடைசியில் மெரிகென் பூங்கா, துறைமுக ஓரம். சிவப்பாக, உடுக்கையை நிறுத்தி வைத்த மாதிரி நிற்பது 108 மீட்டர் போர்ட் டவர், 1963-இல் கட்டியது. ஊர்ப் பெயரைப் பெரிய வெள்ளை எழுத்தில் வைத்திருக்கும் இடத்தில் படம் எடுக்க எந்நேரமும் வரிசை. அந்த வரிசையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் உடைந்த படகுத்துறை இருக்கிறது. நிலநடுக்கம் சிதைத்த கரையில் சுமார் 60 மீட்டரை மட்டும் சரி செய்யாமல் விட்டு வைத்திருக்கிறார்கள். கான்கிரீட் பலகைகள் உடைந்து ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன, பாதி கடலுக்குள். இடுக்குகளில் தண்ணீர் ஏறி இறங்குகிறது. பழைய விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆசிரியர்கள் கூட்டிவந்து காட்டுவார்கள். மற்றபடி பலர் கவனிக்காமலே கடந்து போகிறார்கள். நீங்கள் நில்லுங்கள்.

சாப்பாடு. கிடானோ, சன்னோமியா இரண்டிலும் இந்திய உணவகங்கள் ஏராளம், சைவம் என்றால் அவர்களுக்குப் புரியும். ஜப்பானியக் கடைகளில் எச்சரிக்கை: உதோன், சோபா என்கிற நூடுல்ஸ் வகைகள் எல்லாவற்றின் குழம்பிலும் மீன் சாறு இருக்கும், மேலே காய் மட்டும் மிதந்தாலும். அந்தப் பிரபல மாட்டிறைச்சி, ஹியோகோ மாகாணத்து தஜிமா இன மாட்டிலிருந்து வருவது. சாப்பிடுகிற நண்பர் கூட வந்தால் மதியம் போகச் சொல்லுங்கள், இரவைவிட விலை கணிசமாகக் குறையும்.

இரவுக் காட்சிக்கு மாயா மலை உச்சி. கேபிள் ரயிலும் ரோப்வேயும் மாறி ஏற வேண்டும். செவ்வாய்க்கிழமை ஓடாது, மற்ற நாட்களிலும் கடைசி வண்டி நேரத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். இருட்டில் நடந்து இறங்குகிற மலை இல்லை அது. காட்டுப்பன்றிகள் வேறு. சில வேளை அவை குடியிருப்புத் தெருவரை சாவகாசமாக இறங்கி வரும். உணவு போடக்கூடாது என்று மாநகராட்சி சட்டமே போட்டிருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை, இது விளையாட்டில்லை. ஊருக்குள் ஓடும் சின்னச் சின்ன ஆறுகளில் இறங்கி நடக்க அழகாகப் படி கட்டியிருப்பார்கள். 2008 ஜூலையில் தோகா ஆற்றில் பத்து நிமிடத்தில் 1.34 மீட்டர் தண்ணீர் ஏறி, குழந்தைகள் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். மலை அவ்வளவு அருகில் என்பதால் மேலே பெய்கிற மழை உடனே கீழே வந்துவிடும். அதன் பிறகு ஆற்றோரங்களில் மஞ்சள் சுழல்விளக்கு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் வானம் தெளிவாக இருந்தாலும் உடனே மேலே ஏறிவிடுங்கள்.

கூடுதலாக அரை நாள் கிடைத்தால் அரிமா வெந்நீர் ஊற்றுக்குப் போகச் சொல்வார்கள் எல்லோரும். நல்ல இடம்தான். நான் மேற்கே மைக்கோவுக்குப் போகச் சொல்வேன். ஜேஆரில் ஏறினால் கடலை ஒட்டியே போகும், இடது பக்கம் உட்காருங்கள். அங்கே அகாஷி தொங்குபாலத்தின் வயிற்றுக்குள் நுழைந்து, கடலுக்கு 47 மீட்டர் மேலே கண்ணாடித் தரையில் நடக்கலாம். நடு இடைவெளி 1,990 மீட்டர் என்று வரைந்த பாலம் அது. இரண்டு கோபுரங்களும் எழும்பி நின்றிருந்தபோது 1995 நிலநடுக்கம் அவற்றைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட, பொறியாளர்கள் கணக்கைத் திருத்திக்கொண்டு 1998-இல் 1,991 மீட்டராகத் திறந்தார்கள்.