மூன்று தொப்பியும் ஒரு செம்பும்

அன்புள்ள ஐயா,

எனக்குத் தங்கச்சிமடம். ஒரு நாளிதழுக்கு ஆறு வருடமாகப் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். தனுஷ்கோடி புயலை வைத்து நாவல் எழுத ஆசை. நாற்பது பக்கம் எழுதிவிட்டேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். படித்த நண்பர் ஒருவர், "செய்தி மாதிரியே இருக்கு, நிருபர் கைக்குக் கதை வராது" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து பேனாவையே தொடவில்லை. நீங்களும் பத்திரிகையிலிருந்து நாவலுக்கு வந்தவர். பரமக்குடிக் கூட்டத்தில் ஆங்கில எழுத்தாளர் டேனியல் டீஃபோவைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினீர்கள். அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத உட்காரலாமா?

ஒரு வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டீஃபோ 1660 வாக்கில் லண்டனில் பிறந்தவர். முதலில் வியாபாரி. காலுறை வியாபாரம், கப்பல் காப்பீடு என்று எதையெதையோ செய்தார். பிரான்சோடு நடந்த சண்டையில் கப்பல்கள் போக, 1692இல் கடன் கழுத்தை நெரித்துத் திவாலானார். பிறகு எழுத்து. அவர் எழுதிய ஒரு துண்டுப்பிரசுரத்துக்காக 1703இல் அரசு பிடித்தது. ஜூலை கடைசியில் மூன்று நாள், கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டித் தெருவில் நிறுத்தினார்கள். அப்புறம் சிறை. நவம்பரில் வெளியே வந்தார். அந்த மாதம் 26ஆம் தேதி ராத்திரி தென் இங்கிலாந்தைப் பெரும்புயல் அடித்தது.

நம் கரைக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். கையில் காசில்லாத, சிறையிலிருந்து அப்போதுதான் வந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். புயலில் நீங்கள் கண்டதை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றைத் தொகுத்து 1704இல் 'புயல்' என்றே பெயரிட்டு ஒரு புத்தகம் போட்டார். ஆயிரம் ஓடு 21 ஷில்லிங் விற்றது, புயலுக்குப் பிறகு 6 பவுண்டுக்கு, அதாவது 120 ஷில்லிங்குக்கு, ஏறிவிட்டது என்று அதில் எழுதுகிறார். கூரை போன வீட்டுக்காரனின் தவிப்பை அந்த விலையே சொல்லிவிடுகிறது. கென்ட் பகுதியில் விழுந்து கிடந்த மரங்களை எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். 17,000 வரை எண்ணிவிட்டு, அலுத்துப்போய் நிறுத்திவிட்டேன் என்கிறார். எனக்கு அந்த மனிதர்மேல் பிரியம் வந்தது இந்த வரியைப் படித்தபோதுதான்.

அதே 1704இல் 'ரிவ்யூ' என்ற பத்திரிகையைத் தொடங்கி 1713 வரை ஏறக்குறைய ஒற்றை ஆளாக எழுதினார். பெரும்பாலும் வாரம் மூன்று இதழ். இத்தனைக்கும் பிறகு, 1719இல், அறுபதை நெருங்கும் வயதில் 'ராபின்சன் குரூசோ' நாவல் வந்தது.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். குரூசோவின் கப்பல் உடைந்து, கூட வந்தவர்கள் எல்லாரும் சாகிறார்கள். அவன் மட்டும் கரையேறுகிறான். அந்த இடத்தில் டீஃபோ ஒப்பாரி வைக்கவில்லை. அவர்களில் யாரையும் பிறகு பார்க்கவே இல்லை, மூன்று தொப்பி, ஒரு குல்லாய், ஜோடி சேராத இரண்டு செருப்பு, இவைதான் கண்ணில் பட்டன என்று குரூசோ சொல்கிறான். அவ்வளவுதான். இதுவும் செய்தி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த ஜோடி சேராத செருப்பில் செத்துப்போன இரண்டு பேர் நிற்கிறார்கள். புயல் கடிதங்களை உட்கார்ந்து படித்த கைக்குத்தான் இது வந்திருக்கும் என்பது என் எண்ணம். பெரிய துக்கத்தைப் பார்த்தவர்கள் துக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை, கண்ணில் பட்ட பொருளைப் பற்றித்தான் பேசுவார்கள். நிருபராக அலைந்தவருக்கு இது தெரியும்.

எனக்கு இது தெரிந்தது 1999 டிசம்பரில். புயலின் 35ஆம் ஆண்டு நினைவுச் செய்திக்காகத் தனுஷ்கோடி போனேன். அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து வேனில் மணலில் தள்ளாடிக்கொண்டு போக வேண்டும். ஓலைக்குடிசையில் ஒரு ஆத்தா இருந்தார். புயல் அன்று ராமேஸ்வரத்தில் அக்காள் வீட்டில் இருந்ததால் தப்பியவர். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையில் மொண்டு, ஒரு பித்தளைச் செம்பில் ஊற்றி எனக்குக் குடிக்கக் கொடுத்தார். செம்பின் கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது.

"இது யார் பேரு, ஆத்தா?"

"தெரியலய்யா. புயல் ஓஞ்சு எங்காளுகளத் தேடிப் போனப்ப மணல்ல கெடந்துச்சு. கேட்டு வந்தா குடுக்கணும்ல."

முப்பத்தைந்து வருடம். செம்பு மின்னியது, பெயர் இருந்த இடம் மட்டும் கறுத்திருந்தது. எழுத்துத் தேய்ந்துவிடக் கூடாது என்று அந்த இடத்தை மட்டும் அவர் அழுத்தித் தேய்ப்பதில்லை.

ஊருக்கு வந்து முழுவதையும் எழுதி ஃபேக்ஸ் அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் கடல் கொண்டுபோன பாம்பன் பாசஞ்சர் ரயில் இருந்தது, இறந்தவர்கள் எண்ணிக்கை இருந்தது, அஞ்சலி செலுத்தியவர்கள் பெயர் இருந்தது. செம்பு இல்லை. ரொம்ப வருத்தப்பட்டேன். ஆனால் இருபது வரிச் செய்தியில் அதற்கு இடமும் இல்லைதான். நோட்டில் கிடந்த அந்தச் செம்புதான் எட்டு வருடம் கழித்து என் முதல் நாவலானது.

நாவலில் செம்பில் இருந்த பெயரை மாற்றினேன். அந்தப் பெயருக்குரிய குடும்பம் எங்கேயாவது இருக்கலாம், அவர்கள் துக்கத்தை நான் கதையாக்கிக்கொள்ளக் கூடாது. இந்த விஷயத்தில் டீஃபோ வழி வேறு. 1722இல் வந்த 'கொள்ளைநோய் ஆண்டின் குறிப்பு' 1665 பிளேக்கை நேரில் பார்த்தவன் எழுதியது போல இருக்கும். அந்த வருடம் டீஃபோவுக்கு ஐந்து வயது இருந்திருக்கும். வாராவாரம் வெளியான சாவுக் கணக்கை நடுவில் வைத்துச் சுற்றிலும் கதை கட்டினார். அட்டையில் தன் பெயரும் போடவில்லை. நாம் அப்படிச் செய்யக் கூடாது. செய்தியில் ஒரு சொட்டுக் கண்ணீரைக்கூட நாமாகச் சேர்க்கக் கூடாது. நாவலில் பெயரை மாற்றலாம், காற்றை மாற்றாதீர்கள். டிசம்பரில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடித்தது என்று எழுதினால் பாம்பனில் ஒருவரும் அடுத்த பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். அது வாடைக்காலம்.

உங்கள் நாற்பது பக்கத்தையும் படித்தேன். செய்தி மாதிரி இருக்கும் இடங்கள்தான் நன்றாக இருக்கின்றன. ஸ்டேஷனில் இட்லி விற்ற அம்மா, அன்று சாயங்காலம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார் என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்தேன். 'கடலன்னை தாண்டவமாடினாள்', 'விதி சிரித்தது' போன்றவற்றை அடித்துவிடுங்கள். அந்த இடங்களில் நீங்கள் இல்லை.

வேலையை ஏன் விடக் கூடாது என்றால், டீஃபோவும் விடவில்லை. குரூசோ வந்த பிறகும் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார். படகு திரும்பாத ராத்திரியில் படகுத்துறையில் நிற்கும் பெண்கள் பக்கத்தில் நின்று, "எப்ப போனாக, என்ன சொல்லிட்டுப் போனாக" என்று கேட்க நம் கரையில் வேறு யாருக்கு உரிமை இருக்கிறது? சம்பளம் குறைவு, தெரியும். வருகிற டிசம்பர் 22க்கும் உங்களிடம் நினைவுச் செய்தி கேட்பார்கள். இருபது வரி எழுதிக் கொடுங்கள். மிச்சத்தைத் தேதி போட்டு நோட்டில் வையுங்கள்.

ஆத்தா இப்போது இல்லை. செம்பு மண்டபம் ஊரில் பேத்தி வீட்டில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையிடம் கேட்டு வைக்கிறேன். இன்னும் யாரும் கேட்டு வரவில்லை.