ஆள் மாற்றமும் நேரம் கடத்தலும்: ரெஃப்ரியிடம் சில கேள்விகள்

மாவட்ட லீக் கால்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவன் என்பதால் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஆஃப்சைடு பற்றி அல்ல, கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான். அப்படி வந்த கேள்விகளில் சில, என் பதில்களுடன்.

கேள்வி: சார், 88ஆவது நிமிடம். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணி ஆளை மாற்றுகிறது. வெளியே போகவேண்டியவர் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கைதட்டிக்கொண்டே ஊர்வலம் வருகிறார். ரெஃப்ரி ஏன் வேடிக்கை பார்க்கிறார்?

வேடிக்கை பார்த்தால் அது ரெஃப்ரியின் தவறு. 2019-20 சீசனிலிருந்து விதி தெளிவாக இருக்கிறது: மாற்றப்படுகிறவர் தனக்கு மிக அருகில் உள்ள எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியேற வேண்டும். காயம், பாதுகாப்பு மாதிரி காரணம் இருந்தால் மட்டும் நடுவர் வேறு வழியில் போகச் சொல்லலாம்.

நான் செய்வது இதுதான். யாரை மாற்றுகிறார்கள் என்று எண் காட்டும் போர்டு உயர்ந்ததுமே அந்த வீரர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிடுவேன். பக்கத்தில் போய், அருகிலிருக்கும் கோட்டைக் கையை நீட்டிக் காட்டுவேன். தோளைத் தொட்டுத் தள்ளுவது கூடாது. அது வேறு வம்பில் போய் முடியும். அவர் அப்போதுதான் ஷூ லேஸ் கட்டக் குனிந்தால், கடிகாரத்தை இரண்டு பெஞ்சுக்கும் தெரியும்படி தட்டிக் காட்டுவேன். பாதிப் பேர் அதைப் பார்த்ததும் ஓட ஆரம்பிப்பார்கள். மீதிப் பேருக்கு மஞ்சள் அட்டை, அதாவது எச்சரிக்கை. வெளியேறத் தாமதிப்பது, ஆட்டம் மறுபடி தொடங்குவதைத் தாமதப்படுத்தும் குற்றங்களில் ஒன்று என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது.

கேள்வி: அவர் ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்தால்?

இரண்டாவது மஞ்சள், உடனே சிவப்பு. மாற்று வீரர் உள்ளே கால் வைத்தால்தான் மாற்றம் முடிந்ததாகக் கணக்கு. அதற்குமுன் அட்டை விழுந்தால், உள்ளே வரக் காத்திருந்தவர் அவருடைய இடத்தை நிரப்ப முடியாது. அணி பத்துப் பேருடன்தான் மீதி ஆட்டத்தை ஆடவேண்டும்.

கேள்வி: கோச் கூப்பிட்டும் வீரர் வெளியே வர மறுத்தால் ரெஃப்ரி துரத்த முடியுமா?

முடியாது. ஆட்டம் அப்படியே தொடரும். 2019 இங்கிலாந்து லீக் கோப்பை இறுதிப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? செல்சி கோல்கீப்பர் கெப்பா அரிசபலாகாவுக்குப் பதில் வில்லி கபயேரோவை இறக்க கோச் மௌரிஸியோ சாரி முயன்றார். கெப்பா கையை ஆட்டி “வரமாட்டேன்” என்றுவிட்டார். சாரி கொதித்துப்போனார். ஆனாலும் கெப்பாதான் பெனால்டி ஷூட் அவுட்டிலும் நின்றார். மான்செஸ்டர் சிட்டி 4-3 என்று ஜெயித்தது. அந்தச் சண்டை கோச்சுக்கும் வீரருக்கும் இடையிலானது. நடுவர் அதில் பஞ்சாயத்து பண்ணப் போவதில்லை.

கேள்வி: மாற்றத்துக்கு ஆகும் நேரத்தைத்தான் கடைசியில் சேர்த்துவிடுகிறார்களே. அப்புறம் நேரம் கடத்தி என்ன லாபம்?

நல்ல கேள்வி. ஒரு மாற்றத்துக்கு 30 விநாடி என்று நடுவர்கள் குத்துமதிப்பாகக் கணக்குப் போடுவது பழைய வழக்கம். விதியில் அந்த எண் கிடையாது. பலர் கையில் இரண்டு கடிகாரம் கட்டுவார்கள்: ஒன்று நிற்காமல் ஓடும், இன்னொன்றை ஆட்டம் நிற்கும்போது நிறுத்துவார்கள். எவ்வளவு நேரம் போனது என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

ஆனால் நேரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், வேகத்தை எப்படிக் கொடுப்பது? தோற்கிற அணி மூன்று நிமிடமாக நெருக்கி, எதிரணியை மூச்சுவாங்க வைத்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு மாற்றம், உடனே ஒரு கோல் கிக், அப்புறம் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுவது. எல்லாம் முடிந்து பந்து உருளும்போது தடுப்பாட்டக்காரர்கள் மூச்சு வாங்கி முடித்திருப்பார்கள். கோச்சுகள் 90ஆவது நிமிடத்துக்கு ஒரு மாற்றத்தைக் கையில் வைத்திருப்பது இதற்குத்தான். அதனால்தான் 60ஆவது நிமிடத்திலேயே கண்டிக்காமல் 92இல் அட்டை நீட்டுகிற நடுவரை நான் நல்ல நடுவர் என்று சொல்லமாட்டேன்.

2022 கத்தார் உலகக் கோப்பையில் நடுவர் குழுத் தலைவர் பியர்லூயிஜி கொலினா, வீணான நேரத்தைச் சரியாகக் கணக்கிட்டுச் சேர்க்கச் சொன்னார். இங்கிலாந்து – ஈரான் ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பர் பெய்ரன்வந்துக்குத் தலையில் அடிபட்டதால் முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம் சேர்ந்தது. இரண்டாம் பாதியில் ஈரானின் தரெமி பெனால்டி அடித்தது 90+13இல், அதாவது 90 நிமிடம் தாண்டிய 13ஆவது நிமிடத்தில். டிவி பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கேள்வி: கூடுதல் நேரம் என்று போர்டில் 6 நிமிடம் காட்டிவிட்டு ஐந்தரையில் முடிக்கலாமா?

கூடாது. அது குறைந்தபட்சம். கூட்டலாம், குறைக்க முடியாது. அந்த ஆறு நிமிடத்துக்குள் மறுபடி ஒரு மாற்றம் வந்தால் அதற்கும் சேர்த்துத்தான் விசில்.

கேள்வி: ஐந்து பேரை மாற்றலாம் என்றால் ஐந்து முறை ஆட்டத்தை நிறுத்தலாமா?

இல்லை, மூன்று முறைதான். இடைவேளையில் மாற்றுவது அந்த மூன்றில் சேராது. 2020இல் கொரோனாவுக்காகத் தற்காலிகமாக வந்த ஐந்து மாற்றம் 2022இல் நிரந்தரமானபோதும் இந்தக் கடிவாளம் கூடவே இருந்தது. இன்னொன்று: மாற்று வீரர் சாக்ஸை இழுத்துக்கொண்டு பெஞ்சிலேயே நின்றால் ஆட்டத்தை நிறுத்தி வைக்கவேண்டியதில்லை. தயாராக இல்லாதவருக்கு அனுமதி மறுக்கலாம்.

கேள்வி: கோல்கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொள்கிறாரே!

முன்பு ஆறு விநாடி விதி இருந்தது. மீறினால் மறைமுக ஃப்ரீ கிக், அதாவது நேரடியாக கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக். கோலுக்கு அவ்வளவு பக்கத்தில் ஃப்ரீ கிக் கொடுக்க நடுவர்களே தயங்கினார்கள், அதனால் விதி காகிதத்தில் தூங்கியது. 2025-26 முதல் எட்டு விநாடி. மீறினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்டுவார். தண்டனையைக் குறைத்ததும் விதிக்கு உயிர் வந்தது.

கேள்வி: அதே கோல்கீப்பர் திடீரென்று உட்கார்ந்துவிட்டால்? அத்தனை பேரும் தண்ணீர் குடிக்க பெஞ்சுக்கு ஓடுகிறார்கள்.

இதற்கு என்னிடமும் முழு மருந்து இல்லை. மற்ற வீரருக்கு உள்ளே சிகிச்சை கொடுத்தால் பொதுவாக அவர் வெளியே போகவேண்டும். இங்கிலாந்து பிரீமியர் லீக் 2023-24இல் 30 விநாடி வெளியே நிற்கவும் வைத்தது. கோல்கீப்பருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. நடிப்பு என்று நூறு சதவீதம் தெரியாதபோது காயத்தைச் சந்தேகிக்க எந்த நடுவருக்கும் துணிச்சல் வராது, வரவும் கூடாது. நேரத்தைக் குறித்துவைத்துச் சேர்ப்பதுதான் வழி.

வெளியேறும் வீரர் விஷயத்தில் அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக் 2024இல் கொண்டுவந்த தீர்வு எனக்குப் பிடிக்கும். மாற்றப்படுகிறவர் பத்து விநாடிக்குள் வெளியேறாவிட்டால், உள்ளே வரவேண்டியவர் ஒரு நிமிடம் கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். அட்டை கோச்சுக்கு வலிக்காது. பத்துப் பேருடன் ஒரு நிமிடம் நன்றாகவே வலிக்கும்.

கேள்வி: அண்ணா, எங்கள் ஊர் டோர்னமென்ட்டில் வெளியே போனவரே திரும்ப வருகிறார். இது சரியா?

தேசியச் சங்கம் ஒத்துக்கொண்டால் சிறுவர், மூத்தோர், அடிமட்ட அளவிலான போட்டிகளில் சரிதான். ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணிக்கும் சொல்லிவிடுங்கள். நடுக்கோட்டருகே ஒருவரை பேப்பரும் பேனாவுமாக உட்கார வையுங்கள். வெளியே வருபவர் முழுசாக வந்தபிறகுதான் அடுத்தவர் உள்ளே போகவேண்டும். பன்னிரண்டாவது ஆளைக் கண்டுபிடிக்க நடு ஆட்டத்தில் தலை எண்ணிக்கொண்டிருந்தால், இரண்டு பக்க ஆதரவாளர்களும் கோட்டுக்குள் வந்துவிடுவார்கள்.