வாசகர் கேள்வி – பதில்: கொடிவழியைத் தேடுகிறவர்களுக்கு

கேள்வி: எங்கள் கொள்ளுத் தாத்தா பதினைந்து வயதில் யாரிடமும் சொல்லாமல் கப்பலேறிவிட்டார் என்கிறார் என் பெரிய அத்தை. அவருடைய தங்கையோ, மணமான பிறகு மனைவியுடன்தான் போனார் என்கிறார். இருவரும் எண்பது வயதைக் கடந்தவர்கள். யார் சொல்வதை எழுதிவைப்பது?

பதில்: இரண்டையும் எழுதிவையுங்கள். சொன்னவர் யார், சொன்ன நாள் எது, அவருக்கு அதை முதலில் சொன்னவர் யார் என்ற மூன்றையும் அருகிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பலரும் விட்டுவிடுவது மூன்றாவதைத்தான். ஒரே பாட்டியின் வாயிலிருந்து கேட்ட கதையை ஐந்து பேரப்பிள்ளைகள் சொன்னாலும் அது ஒரு சாட்சிதான். ஒருவர் தந்தையிடமும் மற்றவர் அண்டை வீட்டு மூதாட்டியிடமும் கேட்டிருந்தால் அவை இரண்டு சாட்சிகள். இரண்டு கதைகளும் ஒருசேர உண்மையாக இருக்கவும் கூடும்: அவர் சிறுவனாகப் போய்த் திரும்பிவந்து, மணமுடித்து மீண்டும் போயிருக்கலாம்; அல்லது அண்ணனுடைய கதை தம்பியின் மேல் ஏறியிருக்கலாம்.

அத்தைமார் இருவரையும் முதலில் தனித்தனியே சந்தியுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் மூத்தவரின் நினைவே இளையவரின் நினைவாகிவிடும். பிறகு இருவரையும் ஒன்றாக அமர்த்தி, முரண்படும் இடங்களை மெல்ல எடுத்துக்கொடுங்கள். வாக்குவாதத்தின் நடுவில் வந்து விழும் பெயர்கள் நேரடிக் கேள்விக்கு ஒருபோதும் வருவதில்லை. "எந்த ஆண்டு?" என்று கேட்காதீர்கள். "அப்போது வீட்டில் கைக்குழந்தையாக இருந்தது யார்?" என்று கேளுங்கள், அந்தக் குழந்தையின் பிறந்த ஆண்டு எங்காவது பதிவாகியிருக்கும். பழைய நிழற்படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது இன்னும் நல்லது. உறவுமுறைச் சொற்களில் மட்டும் இடைமறித்துக் கேட்கத் தயங்க வேண்டாம்: நம் மொழியில் தந்தையின் உடன்பிறந்த அண்ணனும் பெரியப்பாதான், ஒன்றுவிட்ட அண்ணனும் பெரியப்பாதான். இந்த ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளாததால் ஒரு கிளை முழுவதும் இடம்மாறி ஒட்டப்பட்ட கொடிவழிகளைப் பார்த்திருக்கிறேன்.

கைப்பேசியில் குரலைப் பதிவுசெய்ய அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு, இந்த மாதமே தொடங்குங்கள். ஆவணங்கள் எங்கே போய்விடப் போகின்றன என்று சிலர் நினைப்பதுண்டு, அவையும் போகின்றன. அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் 1922-இல் உள்நாட்டுப் போரில் எரிந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1931-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகள் 1942-இல் தீக்கு இரையாயின. அத்தகைய இடங்களில் வீட்டுக் கதைகளும் கடிதங்களுமே பல குடும்பங்களுக்கு எஞ்சின.

கேள்வி: இணையத்தில் பகிரப்பட்டுள்ள பத்துக் குடும்ப மரங்களில் எங்கள் மூதாதையின் பிறந்த ஆண்டு 1871 என்று இருக்கிறது. நான் கண்டெடுத்த இறப்புப் பதிவின்படி கணக்கிட்டால் 1875 வருகிறது. பத்துப் பேர் தவறு செய்வார்களா?

பதில்: ஒருவர் தவறு செய்தால் போதும், மற்ற ஒன்பது பேர் படியெடுத்திருப்பார்கள். அந்தப் பத்து மரங்களில் எதிலாவது மூல ஆவணத்தின் படம் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 1871 என்பது யாரோ ஒருவருடைய ஊகம். ஃபேமிலிசர்ச் போன்ற தளத்தில் எல்லோரும் சேர்ந்து திருத்தும் ஒரே பொது மரம் இருப்பதால், அங்கே நீங்கள் திருத்துவதற்கு முன் காரணத்தை எழுதி, முன்பு பதிந்தவருக்குச் செய்தி அனுப்புவது முறை; பல நேரம் அவர் உங்களுக்குத் தெரியாத உறவினராகவே இருப்பார். உங்கள் தொகுப்பை கெட்காம் என்ற கோப்பு வடிவில் சேமித்தும் வையுங்கள். 1984 முதல் புழக்கத்தில் உள்ள இந்த வடிவம் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கொண்டுபோக உதவும். படங்களைத் தனியே எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் 1875-ஐயும் உடனே நம்பிவிடாதீர்கள். இறப்புப் பதிவில் இறந்த நாள் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஏனெனில் அது நடந்த சில நாட்களுக்குள் எழுதப்பட்டது. வயதோ, துயரத்தில் இருந்த ஒரு மகனோ மருமகளோ நினைவிலிருந்து சொன்னது. ஓர் ஆவணத்தை எடுக்கும்போதெல்லாம், இந்தத் தகவலைச் சொன்னவர் அதை நேரில் அறிந்தவரா என்று கேளுங்கள். அத்தையிடம் கேட்ட அதே கேள்விதான். பதிவுகளுக்கென்று தனிப் பழக்கங்களும் உண்டு: 1841-இல் இங்கிலாந்தில் கணக்கெடுத்தவர்கள் பதினைந்து வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி பணிக்கப்பட்டார்கள், அதனால் முப்பத்துநான்கு வயதுக்காரர் ஏட்டில் முப்பது ஆனார்.

பெயர்களும் அப்படியே. கப்பலில் வந்த குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த இடமான நியூயார்க்கின் எல்லிஸ் தீவில், அதிகாரிகள் குடியேறிகளின் பெயர்களை மாற்றிவிட்டார்கள் என்பது பல குடும்பங்களில் வழங்கும் கதை. உண்மையில் அந்த அதிகாரிகள், கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதப்பட்ட பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தவர்களே. பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் குடியேறிகள்தாம், அதுவும் பின்னாளில். ஆகவே பெயர் மாறிய இடத்தைக் கப்பல் பட்டியலில் தேடாமல், அதற்குப் பிந்தைய குடியுரிமை, திருமணப் பதிவுகளில் தேடுவது பலன் தரும்.

கேள்வி: தேடும்போது, உயிரோடிருக்கும் ஓர் உறவினரின் பிறப்பைப் பற்றிக் குடும்பம் மறைத்துவந்த செய்தி தெரியவந்தது. பொது மரத்தில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். உயிரோடிருப்பவர்களின் அந்தரங்கம் கருதி அரசுகளே காத்திருக்கின்றன: அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் ஏடுகளை 72 ஆண்டுகளுக்கும், இங்கிலாந்தில் 100 ஆண்டுகளுக்கும் மூடிவைக்கிறார்கள். 1950-இன் அமெரிக்க ஏடுகள் 2022-இல்தான் திறக்கப்பட்டன. உங்கள் தனிக் குறிப்பேட்டில் ஆதாரத்துடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த உறவினருக்கே தெரியுமா என்பது உங்களுக்குத் தெரியாதவரை, மற்ற உறவினர்களிடமும் அதைப் பேச வேண்டாம்.