முழங்கால் மூட்டை மாற்றினால் விழுவது நிற்குமா?

கேள்வி: நீரிழிவு காரணமாக என் தந்தையின் வலது கால் முழங்காலுக்கு மேல் அகற்றப்பட்டது. ஓராண்டாகச் செயற்கைக் கால் அணிந்து நடக்கிறார். அண்மையில் இரண்டு முறை விழுந்துவிட்டார். மைக்ரோபிராசசர் (சிறு கணினிச் சில்லு) உள்ள செயற்கை முழங்கால் மூட்டு வாங்கினால் இனி விழவே மாட்டார் என்கிறார் விற்பனையாளர். விலையோ மிக அதிகம். வாங்கலாமா?

பதில்: விழவே மாட்டார் என்று எந்த மூட்டுக்கும் உறுதி தர முடியாது, அப்படிச் சொல்பவரிடம் அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள். கால் அகற்றப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓராண்டுக்குள் ஒரு முறையாவது விழுகிறார்கள். கணுக்காலும் பாதமும் மூளைக்கு அனுப்பிவந்த உணர்வு இல்லாமல் போவதால், அவர்கள் சமநிலைக்குக் கண்ணையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. இருட்டில் தடுமாறுவது அதனால்தான்.

எனவே உங்கள் தந்தை எப்படி விழுந்தார் என்பதை முதலில் கேட்டறியுங்கள். நடக்கும்போது மூட்டு திடீரென மடங்கி விழுந்திருந்தால் மைக்ரோபிராசசர் மூட்டு உண்மையிலேயே உதவும். காலின் கோணத்தையும் அதன்மீது விழும் எடையையும் இடைவிடாமல் கணித்து, தடுமாறும் நொடியில் மூட்டு மடங்காதபடி எதிர்ப்பைக் கூட்டுவதே அதன் வேலை. இரவில் எழும்போது கால் இல்லை என்பதை மறந்து ஊன்றி விழுந்திருந்தால், அதை எந்த மூட்டும் தடுக்காது. கட்டிலருகே கைக்கு எட்டும் விளக்கும் வாக்கரும்தான் அங்கே தேவை.

மூட்டுக்கு முன் சாக்கெட்டை, அதாவது எஞ்சிய கால் நுழைந்து பொருந்தும் செயற்கைக் காலின் மேல் கூட்டைப் பாருங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. அறுவைக்குப் பிந்தைய முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் எஞ்சிய கால் சுருங்கிக்கொண்டே வரும். அதனால் சாக்கெட் தளர்ந்து, அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் கால் உள்ளே மேலும் கீழுமாக நகரும். அந்த நிலையில் விலையுயர்ந்த மூட்டைப் பொருத்தினாலும் பயன் குறைவு. தளர்வை நிரப்ப எஞ்சிய காலில் சாக்ஸ் மேல் சாக்ஸாக அடுக்க வேண்டியிருந்தால், புதிய சாக்கெட் குறித்துச் செயற்கைக்கால் வல்லுநரிடம் கேளுங்கள். காலணியையும் கவனியுங்கள்: பொருத்தியபோது அணிந்திருந்ததைவிடக் குதிகால் உயரமான காலணியை அணிந்தால், செயற்கைக் காலின் கீழ்ப்பகுதி முன்னோக்கிச் சாய்ந்து மூட்டு எளிதில் மடங்கிவிடும். நீரிழிவு இருப்பதால் இடது பாதத்தின் உணர்வையும் மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது கட்டாயம்.

இவற்றைச் சரிசெய்த பிறகும் மூட்டு மடங்குவது தொடர்ந்தால் வாங்கலாம். அப்போது கடைக்குள் நடத்திப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அவர் அன்றாடம் ஏறும் படியிலும் நடக்கும் சரிவிலும் சோதிக்கச் சில நாள் அவகாசம் கேளுங்கள். அவருடைய உடல் எடைக்கு ஏற்ற மாதிரிதானா, செயற்கைக் கால்களின் உறுதியைச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10328-இன்படி சோதிக்கப்பட்டதா, நீர் பட்டால் தாங்குமா, மின்கலம் தீர்ந்தால் மூட்டு விறைத்து நிற்குமா தளர்ந்துவிடுமா, பழுது பார்க்கும் நாட்களில் மாற்று மூட்டு தருவார்களா என்பனவற்றை எழுத்தில் பெறுங்கள். மூட்டுக்கும் சாக்கெட்டுக்கும் உத்தரவாதக் காலம் வேறுபடலாம். பில்லில் இரண்டையும் தனித்தனியே குறிப்பிடச் சொல்லுங்கள். இயன்முறை மருத்துவரிடம் பெறும் நடைப்பயிற்சியும், விழுந்தால் எழும் முறைக்கான பயிற்சியும் அந்த விலையில் அடங்குமா என்று கேளுங்கள். அடங்காவிட்டால் அதற்கான தொகையை ஒதுக்கி வைத்த பிறகே மூட்டைத் தேர்ந்தெடுங்கள்.