கடற்கரை ஊரில் துருப்பிடித்த பழைய சைக்கிளை நானே சரி செய்ய முடியுமா?

மண்டபத்தில் பழைய சைக்கிள் ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறீர்கள், உடம்பெல்லாம் துரு, ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்துப் பாம்பன்காரன் என்பதால் சொல்கிறேன்: தாராளமாக முடியும். ஆனால் வீடியோக்களில் காட்டுவதை அப்படியே செய்யாதீர்கள். அவர்கள் துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, வேலை முடிந்தது என்பார்கள். நம் பக்கம் அப்படி விட்டால் சீக்கிரமே பெயின்டுக்கு அடியிலிருந்து கொப்பளித்து வரும். உள்ளே தங்கிய உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதுதான் காரணம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த காற்று இது, சைக்கிள் எம்மாத்திரம்?

முதலில் சட்டத்தை, அதாவது ஃபிரேமைப் பாருங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சு போகிற குழாயைச் சுற்றியும், பின் சக்கரம் மாட்டும் முனைகளிலும் ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். தகடு தகடாக உதிர்ந்தாலோ முனை உள்ளே போனாலோ, மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். மீன் விற்றவர்களின் சைக்கிளாக இருந்தால் பின்பக்கத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கேரியரில் மீன் பெட்டி வைத்து, ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் ரிம்மிலும் ஃபிரீவீலிலும் (பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) வருஷக்கணக்கில் சொட்டியிருக்கும். அவர்களில் நிறையப் பேர் மொபெட்டுக்கு மாறிவிட்டதால் அந்த வண்டிகள்தான் அடிக்கடி விலைக்கு வருகின்றன.

சட்டம் கெட்டியாக இருந்தால் அடுத்தது கழுவுவது. போர் தண்ணீர் கரிக்கிற வீடு என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம், இருக்கிற உப்போடு இன்னும் சேரும். குடிதண்ணீர் ஒரு வாளி போதும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிய துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுங்கள். ஓஸ் பைப்பில் பீய்ச்சினால் தண்ணீர் அச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நல்ல வெயிலில் காய வையுங்கள். மழை பெய்தால் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து வைத்தும் கழுவலாம், ஆனால் முதல் மழைத் தண்ணீரை விட்டுவிடுங்கள். ஓட்டில் படிந்த உப்பெல்லாம் அதில்தான் வரும்.

குரோம் பூசிய ஹேண்டில் பாருக்கு உப்புத்தாள் வைக்காதீர்கள். பார்சல் கட்டித் தரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேல் துரு வந்துவிடும். அலுமினியம் குரோமை விட மென்மை, கீறல் விழாது.

கழற்றுவதில் இரண்டே இடங்களில் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, இடது பெடல். அதன் மரை தலைகீழ். இடப்பக்கம் நின்று பார்க்கும்போது கடிகார முள் போகிற பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். மற்றொன்று கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையை, அச்சோடு பிடித்திருக்கும் ஆப்பு மாதிரியான காட்டர் பின். நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு அடித்தால் மரை நசுங்கிவிடும். பின்னின் நுனி மட்டத்துக்கு நட்டை விட்டு, எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊற வையுங்கள். மறுநாள் கிராங்குக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்து ஓங்கி அடியுங்கள். அசையாவிட்டால் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோங்கள், இதில் வீம்பு வேண்டாம். ரிம் கோட்டம் எடுப்பதும் கடைக்காரர் வேலைதான்.

செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேயுங்கள். பிறகு அளந்து பாருங்கள்: புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து எண்ணினால் இருபத்து நான்காவது இடைவெளி சரியாக 12 அங்குலத்தில் முடியும். அது 12⅛-ஐத் தொட்டுவிட்டால் மாற்றிவிடுங்கள். ஃபிரீவீலைப் பிரிக்க வேண்டாம். மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி, அழுக்கு வடிந்ததும் எண்ணெய் விட்டால் போதும். சக்கர அச்சுகளைத் திறந்தால், இருபக்கமும் எத்தனை பால்ரஸ் குண்டு இருந்தது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். புள்ளி விழுந்த குண்டு ஒன்று இருந்தாலும் மொத்தமாக மாற்றுங்கள், விலை சொற்பம். விசைப்படகு மெக்கானிக்குகளிடம் கேட்டால் தண்ணீருக்குத் தாங்கும் கிரீஸ் எது என்று சொல்வார்கள். சீட் கம்பிக்கும் அதையே தடவி இறக்குங்கள், இல்லையென்றால் அது குழாயோடு ஒட்டிக்கொள்ளும்.

பெயின்ட் கடைசி வேலை. துரு இருக்கிற இடத்தை மட்டும் தேய்த்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு என்ற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். வெறும் இரும்பை ராத்திரி வெளியில் விட்டால் காலையில் பழுப்பேறிவிடும். மணல் பறக்கிற காற்று நாளில் தொடவே வேண்டாம். ரெட் ஆக்சைடு மட்டும் ஈரத்தைத் தடுக்காது, அது காய்ந்ததும் மேலே எனாமல் இரண்டு கோட் வேண்டும். ரிம்மில் பிரேக் கட்டை படும் இடத்தில் பெயின்டும் எண்ணெயும் படக் கூடாது.

சட்டம் சரியாக இருக்கிறதா என்று சந்தேகமிருந்தால், பெடல் அச்சுக் குழாயின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.