மூளைக்குள் நோய் எதிர்ப்பு செல்கள் எப்படி நுழைகின்றன?

"மூளைக்குத்தான் ரத்த-மூளைத் தடுப்பு இருக்கிறதே, வைரஸ் தொற்று வந்தால் வெள்ளை அணுக்கள் மட்டும் எப்படி உள்ளே போகின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இந்தச் சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. ரத்தத்தில் இருப்பவை கண்டபடி மூளைக்குள் புகாமல் காக்கும் அந்தத் தடுப்பை ஒரே சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். செல்களைப் பொறுத்தவரை இரண்டு சுவர், நடுவில் ஒரு சந்து.

வைரஸ் புகுந்ததும் முதலில் குரல் கொடுப்பது உள்ளேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்களும், நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களும். சில சமயம் நியூரானே கூப்பிடும். வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றிய எலிகளில் சிஎக்ஸ்சிஎல்10 என்ற கீமோகைனை, அதாவது செல்களை அழைக்கும் ரசாயன சமிக்ஞையை, நியூரான்கள் சுரந்து வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களை வரவழைக்கின்றன.

அழைப்பு ரத்தக் குழாய்க்கு எட்டியதும் அதன் உள்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. டி செல் நுழைவது பெரும்பாலும் தந்துகிகளில் இல்லை, அவற்றை அடுத்து வரும் நுண் சிரைகளில். அங்கே சுவரை உரசி வேகம் குறைந்து, தன் மேலிருக்கும் விஎல்ஏ-4 என்ற கொக்கியை சுவரிலுள்ள விசிஏஎம்-1 மேல் மாட்டி நின்றுவிடும். அப்புறம் ரத்த ஓட்டத்துக்கு எதிராகக்கூட ஊர்ந்து இடம் தேடி, இரண்டு சுவர் செல்களுக்கு நடுவிலோ அல்லது ஒரு செல்லையே ஊடுருவியோ வெளியே வரும்.

வந்துவிட்டது, ஆனால் இன்னும் மூளைத் திசுவுக்குள் வரவில்லை. இப்போது அது நிற்பது அந்தச் சந்தில். எதிரே ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்கள் நெருக்கமாக அடைத்த இரண்டாவது சுவர், பின்னால் சிஎக்ஸ்சிஎல்12 என்ற இன்னொரு கீமோகைன் கயிறு கட்டினமாதிரி குழாய்ப் பக்கமே பிடித்து வைத்திருக்கும். சந்தில் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் வைரஸ் துண்டைக் காட்டி, "நீ தேடி வந்தது இதுதானா?" என்று கேட்காத குறைதான். அடையாளம் தெரிந்தால்தான் டி செல் மறுபடி முடுக்கப்படும், அந்தச் சுவரின் பிணைப்பை என்சைம்கள் அறுக்கும், வழி கிடைக்கும். இத்தனை கெடுபிடி எதற்கு என்றால், நியூரான் செத்தால் பெரும்பாலும் மாற்று கிடையாது.

அந்த விஎல்ஏ-4 கொக்கி எவ்வளவு முக்கியம் என்பது நேட்டலிசுமாப் மருந்தில் தெரிந்தது. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நோயில் டி செல்கள் மூளையையே தாக்குவதைத் தடுக்க, அந்தக் கொக்கியை மூடும் மருந்து இது. 2004-ல் அனுமதி, 2005-ல் விற்பனை நிறுத்தம், 2006-ல் கடுமையான கட்டுப்பாடுகளோடு மறுபடி அனுமதி. நடுவில் நடந்தது என்னவென்றால், பலர் உடம்பில் சும்மா கிடக்கும் ஜேசி வைரஸ், காவல் போன மூளையில் சிலருக்குத் தலைதூக்கி பிஎம்எல் என்ற உயிர்க்கொல்லி நோயானது.

இன்னொரு விஷயம், உள்ளே போன டி செல்கள் எல்லாம் வேலை முடிந்து காணாமல் போய்விடுவதில்லை. எலிகளில் பார்த்தால் சில அங்கேயே தங்கிவிடுகின்றன, ரத்தத்துக்குத் திரும்பாமல், அதே வைரஸ் மறுபடி வருமா என்று காத்துக்கொண்டு.