கல்லூரி ஆட்டமும் கைபேசிப் பந்தயமும்: ஒஹாயோவிலிருந்து கேள்வி பதில்

ஒஹாயோவில் ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறையில் வேலை பார்க்கிறேன். ஆடுகிற பிள்ளைகள் விதியை மீறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பந்தயம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் இது.

கோவையில் சட்டம் படிக்கும் தம்பி: அண்ணா, அமெரிக்காவில் கல்லூரி மேட்ச் மேல் பணம் கட்டுவது குற்றம் இல்லையா?

2018 மே வரை, நெவாடாவை விட்டால் அநேகமாக எல்லா இடத்திலும் குற்றம்தான். மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று 1992-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. நியூ ஜெர்சி அதை எதிர்த்துப் போனது. எதிர்த்தரப்பில் நின்றது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ. உச்ச நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்துவிட்டது. நீ சட்டம் படிப்பதால் சொல்கிறேன்: பந்தயம் நல்லதா கெட்டதா என்பதை வைத்துத் தீர்ப்பு வரவில்லை. இதைச் சட்டமாக்கு, அதை ஆக்காதே என்று மாநிலச் சட்டமன்றத்துக்கு மத்திய அரசு உத்தரவு போட முடியாது என்பதுதான் காரணம். அதனால் இன்று மாநிலத்துக்கு ஒரு விதி. நியூ ஜெர்சியில் உள்ளூர்க் கல்லூரி அணிகள் மேல் பணம் கட்ட முடியாது. 2021-இல் அதைத் தளர்த்தலாமா என்று மக்களிடம் வாக்கெடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த வழக்கில் ஜெயித்த ஊரே அதுதான்!

கொலம்பஸிலிருந்து ஒரு அம்மா: மகன் கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறான். தோற்ற அன்று ராத்திரி முகம் தெரியாத ஆட்கள் கன்னாபின்னாவென்று திட்டி இன்ஸ்டாகிராமில் எழுதுகிறார்கள். நான் என்ன செய்வது?

அம்மா, முதலில் அவன் பதில் எழுத வேண்டாம். அழிக்கவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எழுதியவரின் கணக்குப் பெயரும் நேரமும் தெரிகிற மாதிரி, என்னைப் போல அவன் கல்லூரியில் இருப்பவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மிரட்டல் என்றால் போலீசுக்கும் போகலாம்.

நம் மாநிலத்துக்கு இது புதிதில்லை. ஒஹாயோவில் பந்தயம் சட்டப்படி தொடங்கியது 2023 ஜனவரி 1. மூன்று வாரம்கூட ஆகவில்லை, டேட்டன் பல்கலைக்கழகப் பையன்கள் ஒரு மேட்ச் தோற்றதும் இதே வசவு மழை. அவர்களுடைய கோச் ஆந்தனி கிராண்ட் பத்திரிகையாளர்கள் முன்னால் அதைப் போட்டு உடைத்தார். பிறகு அந்த வருடமே, ஆட்டக்காரரை மிரட்டுகிறவரைப் பந்தயத்திலிருந்தே விலக்கி வைக்கும் அதிகாரம் மாநிலச் சூதாட்ட ஆணையத்துக்கு வந்தது. அதனால்தான் ஸ்கிரீன்ஷாட் முக்கியம் என்கிறேன்.

சிகாகோ வாசகர்: கல்லூரி ஆட்டக்காரர் மேல் ‘ப்ராப் பெட்’ வேண்டாம் என்று சொல்லிவருகிறீர்களே, அதை மட்டும் ஏன் இவ்வளவு எதிர்க்கிறீர்கள்? மேட்ச் மேல் கட்டுவதும் பந்தயம்தானே?

ப்ராப் என்றால் அணி ஜெயிக்குமா என்பதில்லை சார். இந்தப் பையன் இன்று 11 புள்ளிக்கு மேல் எடுப்பானா, கீழேயா? ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) நாலுக்கு மேலா, கீழேயா? அதில் பணம்.

மேட்சையே தோற்கவைப்பது லேசான காரியம் இல்லை. 1951-இல் நியூயார்க் சிட்டி காலேஜ் மாட்டியபோதும், 1978-79 பாஸ்டன் காலேஜ் விவகாரத்திலும், புள்ளி வித்தியாசத்தைக் குறைக்கவே ஒருவருக்கு மேல் உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. ‘கீழே’ என்று கட்டினால் ஒரே ஒரு பையன் போதும். இரண்டு ஷாட்டைத் தவற விட்டு, கால் வலிக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. அணி ஜெயித்தும் இருக்கலாம், யாருக்குச் சந்தேகம் வரும்?

2025 செப்டம்பரில் என்சிஏஏ வெளியிட்ட ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் ஹோசே ஸ்டேட் கல்லூரிகளின் கூடைப்பந்து விவகாரத்தைப் படியுங்கள். முன்பு ஒரே அறையில் தங்கியிருந்த இரண்டு பேர். ஒருவன் இன்று நான் குறைவாகத்தான் ஆடுவேன் என்று மற்றவனுக்கு மெசேஜ் அனுப்புகிறான். கட்டியது 2,200 டாலர், கைக்கு வந்தது 15,950. இருவரும் இனி வாழ்நாளில் கல்லூரி அணியில் ஆட முடியாது.

என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர் கேட்டுக்கொண்டதால் ஒஹாயோ 2024 மார்ச் 1 முதல் கல்லூரி ஆட்டக்காரர் மேல் ப்ராப்பை நிறுத்தியது. மேரிலாந்து, லூசியானாவும் நிறுத்தின. வெற்றி தோல்வி மேல் இன்றும் கட்டலாம்.

அதே வாசகர்: தடை போட்டால் திருட்டு புக்கியிடம் போவார்கள். அது பரவாயில்லையா?

கொஞ்சம் பேர் போவார்கள்தான், மறுக்கவில்லை. சட்டப்படியான கடைக்கு ஒரு லாபம் உண்டு: அங்கே கேமரா இருக்கிறது, கணக்கு இருக்கிறது. 2023 ஏப்ரலில் சின்சினாட்டி பேஸ்பால் மைதானத்தில் இருக்கும் பந்தயக் கடைக்கு ஒருவர் வந்து, அலபாமா பல்கலைக்கழக பேஸ்பால் அணி தோற்கும் என்று ஒரு லட்சம் டாலர் கட்டப் பார்த்தார். அலபாமாவின் முதல் பிட்சர் (பந்து எறிபவர்) அன்று இறங்கமாட்டார் என்ற செய்தியை அந்த அணியின் கோச்சே அவருக்குச் சொல்லியிருந்தார். கடைக்காரர்கள் 15,000-க்கு மேல் வாங்க மறுத்தார்கள், தகவலும் மேலே போனது. கோச்சுக்கு வேலை போயிற்று. புக்கியிடம் கட்டியிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் இதை வைத்துக்கொண்டு ப்ராப்பையும் திறந்துவிடு என்றால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒரு லட்சம் கண்ணில் படும். 200, 300 என்று பத்து ஆப்பில் பிரித்துக் கட்டினால்?

பெயர் வேண்டாம் என்றவர்: நான் ஒரு கல்லூரி அணியில் ஃபிசியோ உதவியாளர். என்எஃப்எல் (தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால்) மேல் மட்டும் கட்டலாமா?

என்சிஏஏ விதிப்படி கூடாது. 2025 அக்டோபரில் தொழில்முறை ஆட்டங்கள் மேல் கட்டலாம் என்று தளர்த்தினார்கள், நடைமுறைக்கு வருமுன் நவம்பரிலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். பழைய செய்தியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்னொன்று, யாருக்கு முட்டி வீங்கியிருக்கிறது என்று ரூம்மேட்டிடம் சும்மா பேச்சுவாக்கில்கூடச் சொல்லாதீர்கள். கேட்டவர் பந்தயம் கட்டுகிறவர் என்றால், நீங்கள் காசு வாங்காவிட்டாலும் அது விதிமீறல்.

கிளீவ்லாந்து அண்ணன் ஒருவர்: இப்போது பிள்ளைகளுக்குத்தான் சம்பளம் வருகிறதே? அப்புறம் யார் விலை போவார்கள்?

ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மேல் போட்ட வழக்கில் 2025 ஜூனில் வந்த சமரசத்துக்குப் பிறகு, ஒரு கல்லூரி தன் வருமானத்தில் பிள்ளைகளுக்குப் பங்கு தரலாம் அண்ணே, 2025-26-க்கு 20.5 மில்லியன் டாலர் வரை. அதில் பெரும்பகுதி அமெரிக்க ஃபுட்பால் பையன்களுக்குப் போகிறது. சின்னக் கல்லூரியில் பெஞ்சில் இருப்பவனுக்கு என்ன மிஞ்சும்? அட, கோடியில் சம்பளம் வாங்கும் உங்கள் ஊர் கார்டியன்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர்கள் இருவர் மேலேயே, பந்தயக்காரர்களுக்குச் சொல்லிவைத்துப் பந்து எறிந்தார்கள் என்று 2025 நவம்பரில் வழக்கு வந்ததே. ஒவ்வொரு பந்துக்கும் பந்தயம் என்றால் அப்படித்தான்.

டல்லஸிலிருந்து ஒரு அப்பா: டெக்சஸில் பந்தயமே இல்லை. பையனுக்கு 18 வயது. கல்லூரி மேட்ச் மேல் ஆப்பில் பணம் போடுகிறான். எப்படி?

கல்ஷி மாதிரியான ஆப்பாக இருக்கும் சார். அவர்கள் அதைப் பந்தயம் என்றே சொல்வதில்லை, ‘ஒப்பந்தம்’ என்கிறார்கள். மாநிலச் சூதாட்ட ஆணையத்தின் கைக்குள் வராமல், சரக்கு ஊக வணிகத்தைக் கண்காணிக்கும் மத்திய ஆணையத்தின் கீழ் நடத்துகிறார்கள். ஒஹாயோவில் பந்தயம் கட்ட 21 வயதாக வேண்டும், இந்த ஆப்பில் 18 போதும். மாநிலங்கள் கோர்ட்டில் மோதிக்கொண்டிருக்கின்றன. தீர்ப்பு வரும்வரை, அவன் கைபேசியில் ‘கேம்ஸ்’ பக்கம் தேடாதீர்கள், ‘ஃபைனான்ஸ்’ பக்கம் பாருங்கள்.